படக்கதைதானே என்று தள்ளலாமா?

படக்கதை என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் குரல் எது? "ஏட்டி, பரீட்சைய வச்சிக்கிட்டு பொம்மப் பொஸ்தகமா பாத்துக்கிட்டு இருக்கே?" என்பதுதான். அம்மாமார் இவ்வாறு சொல்வதில் வியப்பில்லை. பாடப்புத்தகத்தின் நடுவே ஒளித்து வைத்துப் படிப்பதற்கென்றே பிறந்தவை படக்கதைகள் என்பது நெடுநாளைய எண்ணம். 1972-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யுடன் வெளிவரத் தொடங்கியது. அன்று அதை ஒளித்துப் படித்த சிறுவர் சிறுமியர் இன்று தாத்தா பாட்டிகளாகி, பேத்தியர் கையில் படக்கதையைக் கண்டால் தாமே கண்டிக்கின்றனர். காலம் செய்யும் வேடிக்கை இது!

பொழுதுபோக்குப் படக்கதைகளுக்காக நாங்கள் இங்கு வாதாட வரவில்லை. போரில் அகப்பட்ட ஒரு குடும்பம் எவ்வாறு உயிர் பிழைத்தது, யாரை இழந்தது, எதைச் சுமந்து சென்றது என்பதைப் படங்களால் சொல்லும் சித்திர நாவல்கள் சில உள்ளன. அவை பொம்மைப் புத்தகங்கள் அல்ல. நம் பள்ளி நூலகத்தில் வரலாற்று நூல்களுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கவை. எம்மையொத்த மாணவியர் படிக்க வேண்டியவை என்பது எங்கள் கருத்து. அறிவு வளரும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. துன்பப்பட்டவரை மீண்டும் துன்புறுத்தாமல் அவர்தம் துன்பத்தை அறிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். அந்த வழியை இந்நூல்கள் தருகின்றன என்பதே தலையாய காரணம். இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

சித்திரம் நமக்குப் புதிதா?

எழுத்து அறிவுடையோர்க்கு, படம் அறியாதோர்க்கு என்று எண்ணுவோர் உண்டு. சாரல் காலத்தில் குற்றாலம் வருவோரில் பலர் அருவியில் நீராடியதோடு திரும்பி விடுகின்றனர். சற்று நடந்து சித்திரசபைக்குச் சென்றால் அந்த எண்ணம் மாறிவிடும். நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளிசபை, நெல்லை தாமிரசபை, திருவாலங்காடு இரத்தினசபை. நம் குற்றாலமோ சித்திரசபை! இங்கே ஆடல்வல்லான் சுவரில் தீட்டிய ஓவியமாகவே விளங்குகிறார். சுற்றிலும் சுவர்களில் புராணக் காட்சிகள். எழுதப் படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே சுவரின் முன் நின்று ஒரே கதையைப் படித்த இடம் அது.

தவக்காலத்தில் ஆலயத்தில் நடைபெறும் சிலுவைப்பாதையையும் எண்ணிப் பாருங்கள். சுவரில் பதினான்கு நிலைகள், பதினான்கு படங்கள். ஒவ்வொன்றின் முன்னும் நிற்கிறோம், முழந்தாளிடுகிறோம், பிறகு அடுத்ததை நோக்கி நடக்கிறோம். நான்காம் நிலையில் தாய் மகனைச் சந்திக்கிறாள். அந்தப் படத்தில் பேச்சு ஒன்றுமில்லை. ஆனால் அங்கேதான் நம் அம்மாமாரின் கண்கள் நனைகின்றன. ஒரு நிலைக்கும் மறு நிலைக்கும் இடையே நடந்தது எதுவோ அதை நம் மனமே நிரப்பிக் கொள்கிறது.

சித்திர நாவலின் இலக்கணமும் இதுவேயாகும். ஒரு கட்டம், ஓர் இடைவெளி, அடுத்த கட்டம். முதல் கட்டத்தில் வீடு இருக்கிறது. அடுத்த கட்டத்தில் வீடு இல்லை. இரண்டிற்கும் நடுவே விழுந்தது என்ன என்பது வாசிப்பவர் உள்ளத்தில்தான் நிகழ்கிறது. ஆகவே படத்தைப் பார்ப்பவர் சும்மா இருக்கிறார் என்பது தவறு. சித்திரசபையின் முன்பும் சிலுவைப்பாதையிலும் பழகிய கண்களுக்கு இது புதிய மொழியன்று.

வன்னியின் கதை

'வன்னி' என்னும் சித்திர நாவல் 2019-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ். வரைந்தவர் லிண்ட்சே பொல்லாக். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு படி. ஆங்கில ஆசிரியையின் துணையோடு, மாலை வகுப்பு முடிந்த பின் கூடியமர்ந்து, பக்கம் பக்கமாக அதைப் படித்தோம்.

வன்னி என்பது இலங்கையின் வடபகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு முதலிய ஊர்களை உள்ளடக்கிய நிலப்பரப்பு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். தென்காசியிலிருந்து நெல்லைக்குச் செல்லும் தூரத்திலும் குறைவு! அவ்வளவு அருகில், நம் மொழியையே பேசும் மக்களுக்கு நேர்ந்ததை நாங்கள் ஓர் ஆங்கில நூலின் வழியாக அறிய நேர்ந்தது என்பது எண்ணத்தக்கது.

டிக்ஸ் வன்னியில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளராக இருந்தவர். 2008 செப்டம்பரில் போர் நெருங்கியபோது ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போக வேண்டாம் என்று மக்கள் அலுவலக வாயிலில் கூடி மன்றாடினர். ஆயினும் வண்டிகள் புறப்பட்டுப் போயின. பிறகு நடந்தவற்றைக் காண வெளியார் பெரும்பாலும் இல்லை. பின்னாளில், பிழைத்து வந்தவர்களை நேரில் சந்தித்துக் கேட்டும், அறிக்கைகளை ஆராய்ந்தும், நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கப்பட்டதே இந்நூல்.

நூலில் வரும் இராமச்சந்திரன் குடும்பம் கற்பனைக் குடும்பம். அந்தோனி, ரஜினி, அவர்தம் பிள்ளைகள் என்று கடலோரச் சிற்றூரான செம்பியன்பற்றில் மீன்பிடித்து வாழ்கின்றனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வருகிறது. நம் கன்னியாகுமரியிலும் நாகையிலும் அன்று என்ன நடந்தது என்பதைப் பெற்றோர் அறிவர். அலையில் வீடிழந்த குடும்பத்தைப் பின்னர் போர் துரத்துகிறது. ஒரு முகாமிலிருந்து மறு முகாம், அங்கிருந்து இன்னொன்று. பாதுகாப்பான இடம் என்று சொல்லப்படுவதை நோக்கி நடப்பதும், அங்கே பாதுகாப்பு இல்லை என்று காண்பதுமே கதை. குடும்பம் கற்பனையாயினும் அதற்கு நேர்ந்தவை உண்மையான மனிதர் பலர் சொன்னவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. சாட்சி சொன்னவரின் முகம் மறைகிறது. அவர் சொன்ன உண்மை மறையவில்லை.

வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2002-இல் ஏற்பட்ட போர்நிறுத்தம் நிலைக்கவில்லை. 2008-இல் போர் முற்றியது. அவ்வாண்டு ஏப்ரலில் மடு மாதாவின் திருவுருவமே பாதுகாப்புக்காகத் திருத்தலத்தை விட்டுத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ஆகஸ்டில்தான் திரும்பியது. ஊரார் இடம்பெயர, அன்னையும் உடன் இடம்பெயர்ந்தாள் எனலாம். 2009 ஜனவரி 2-இல் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்கு வந்தது. மக்கள் கிழக்கே முல்லைத்தீவுக் கடற்கரையை நோக்கித் தள்ளப்பட்டனர். மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் தன் அறிக்கையில் கூறியது. மருத்துவமனைகள் மீதும் பாதுகாப்பு வலயங்கள் மீதும் அரசுப் படைகள் குண்டு வீசியதாகவும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்துப் பிள்ளைகளையும் போருக்குச் சேர்த்ததாகவும், இரு தரப்பின் மீதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உண்டு என அவ்வறிக்கை தெரிவித்தது. பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முள்வேலி முகாம்களில் வைக்கப்பட்டனர். அவற்றுள் பெரிதான மெனிக் பாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது.

எண்ணும் முகமும்

நாற்பதாயிரம் என்று எழுதுவது எளிது. ஐந்தே இலக்கங்கள். தேர்வுத் தாளில் எழுதினால் ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு முகம் இல்லை, பசி இல்லை, பள்ளிச் சீருடை இல்லை. சித்திர நாவல் செய்வது என்ன? எண்ணை விட்டுவிட்டு ஒரே ஒரு குடும்பத்தைப் பிடித்துக் கொள்கிறது. முதல் பக்கங்களில் சிரித்த பிள்ளையைப் பின்னர் வரும் பக்கங்களிலும் நம் கண் தேடுகிறது. ஒரு கட்டத்தில் அந்தப் பிள்ளை இல்லையென்றால் நம் விரல் அங்கேயே நின்றுவிடுகிறது. கணக்குப் பாடத்தில் வராத கழித்தல் இது.

வன்னியில் இடம்பெயர்வு என்பது ஒருமுறை நிகழ்ந்ததன்று. பத்து முறைக்கு மேல் பெயர்ந்தவர்களும் உண்டு. முதல் பயணத்தில் டிராக்டரில் கூரை ஓடுகளையும் கதவு சன்னல்களையும்கூட ஏற்றிச் சென்றனர். அடுத்த பயணத்தில் பாத்திரங்களும் பாயும். அதற்கடுத்து ஒரு மூட்டை. கடைசியில் கையில் பிள்ளை மட்டும். புதிய இடத்தை அடைந்ததும் முதல் வேலை அடுப்பு மூட்டுவதன்று, பதுங்குகுழி வெட்டுவது. கடற்கரை மணலில் குழி சரியும். ஆகவே பெண்கள் தம் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி, குழியைச் சுற்றி அடுக்கினர். பெற்றோரே, நம் வீட்டுப் பீரோவில் மடித்து வைத்திருக்கும் கல்யாணச் சேலையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் தலைக்கு மேலே அது மணல்மூட்டையாக இருந்திருக்கிறது!

எங்களுள் ஒருத்தி இந்நூலை வீட்டிற்கு எடுத்துச் சென்றாள். அவள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அடுப்பங்கரையில் நின்றபடியே படங்களை மட்டும் புரட்டத் தொடங்கியவர் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டாராம். பார்த்து முடித்ததும் அவர் கேட்ட கேள்வி இது: "இவ்வளவு அலைச்சல்ல அந்தப் பொம்பள பிள்ளையளுக்கு என்னத்தக் காய்ச்சி ஊத்துனா?" போரைப் பற்றி இதைவிடச் சிறந்த கேள்வியை எந்த வினாத்தாளிலும் நாங்கள் கண்டதில்லை. படம் எழுத்தைத் தாண்டி ஓர் அம்மாவிடமிருந்து இன்னோர் அம்மாவைச் சென்றடைந்தது அன்றோ!

சொல்வதும் ஒரு சுமை

இத்தகைய நூல்களுக்கு முன்னோடிகள் உண்டு. ஜப்பானில் கெய்ஜி நாகசாவா என்பவர் 1945 ஆகஸ்ட் 6-இல் ஹிரோசிமாவில் ஆறு வயதுச் சிறுவன். பள்ளி வாயிலின் மதிற்சுவர் அவர் உயிரைக் காத்தது. அவருடைய தந்தையும் அக்காவும் தம்பியும் இடிந்த வீட்டின் அடியில் சிக்கித் தீயில் மாண்டனர். அன்றே தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. அதுவும் நெடுநாள் வாழவில்லை. இந்தச் சிறுவன் வளர்ந்து ஓவியராகி, 1973 முதல் 'வெறுங்கால் கென்' என்ற படக்கதைத் தொடரை வரைந்தார். மிதிபட்டாலும் நிமிர்ந்து வளரும் கோதுமைப் பயிரைப் போல் இருக்க வேண்டும் என்று அதில் தந்தை பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்.

அமெரிக்காவில் ஆர்ட் ஸ்பீகெல்மன் வரைந்தது 'மௌஸ்'. இது 1986-இலும் 1991-இலும் இரு பகுதிகளாக வந்தது. 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசைப் பெற்றது. நாஜிகளின் கொலை முகாமாகிய ஆஷ்விட்சிலிருந்து தப்பிய தன் தந்தை விளாடெக்கின் கதையை மகன் கேட்டு எழுதுகிறார். யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் வரைந்திருப்பதைக் கண்டு சிறுவர் கதையென்று எடுத்தவர்கள் ஏமாந்தே போவர்.

இந்நூலில் எங்களை வெகுவாகக் கவர்ந்தது போர்க்காட்சியன்று. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத் தந்தை வாழும் வாழ்வே. தெருவில் கிடக்கும் கம்பித் துண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக் கொள்கிறார். பாதி தின்ற தின்பண்டப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கிறார். மகனுக்கோ வெட்கம்! ஆனால் ஒரு துண்டு ரொட்டியால் உயிர் பிழைத்தவருக்கு எதையும் வீசி எறிய மனம் வருமா? கஞ்சத்தனம் என்று நாம் பெயரிடுவது சிலருக்குப் பழைய பசியின் தழும்பாக இருக்கலாம்.

ஆர்ட், போர் முடிந்த பின் 1948-இல் பிறந்தவர். ரிஷ்யூ என்ற அண்ணனைப் போரில் இழந்த வீடு அது. அந்த அண்ணனின் நிழற்படம் பெற்றோரின் அறையில் எப்போதும் தொங்கியது. காணாத அண்ணனோடு போட்டியிட்டே வளர்ந்ததாக ஆர்ட் கூறுகிறார். மகன் கேட்கக் கேட்கத் தந்தை சொல்கிறார். நோயுற்ற உடம்போடு சொல்கிறார். கடைசிப் பக்கத்தில், சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன், இன்றைக்குப் போதும் என்று படுக்கையில் திரும்பிப் படுக்கிறார். அப்போது எதிரில் நிற்கும் மகனை, இறந்துபோன மகனின் பெயரால் அழைக்கிறார். அந்தக் கட்டத்தைப் பார்த்த பின் எங்களில் எவரும் சிறிது நேரம் பேசவில்லை. நடந்ததைச் சொல்வதும் ஒரு சுமை. அதைச் சொல்லும்படி ஒருவரைக் கேட்பது அச்சுமையை மீண்டும் அவர் தலையில் ஏற்றுவதாகும் என்று அங்கேதான் உணர்ந்தோம்.

நம் பக்கத்து இருக்கை

இப்போது எங்கள் தலையாய கருத்துக்கு வருகிறோம். 1983 முதல் இலங்கையிலிருந்து நம் மாநிலத்திற்குப் புகலிடம் தேடி வந்தோர் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர். பலர் திரும்பிச் சென்றுவிட்டனர். பலர் இன்றும் மாநிலமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். நம் மாவட்டத்தில் கடையநல்லூரை அடுத்த போகநல்லூரிலும் ஒரு முகாம் உண்டு. முகாம்களின் பிள்ளைகள் அந்தந்த ஊர்ப் பள்ளிகளிலேயே படிக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். ஆர்ட்டைப் போல, போரைக் கண்ணால் காணாதவர்கள்; ஆனால் அது குடியிருக்கும் வீட்டில் வளர்கிறவர்கள்.

அத்தகைய ஒரு மாணவி வகுப்பில் வந்து அமர்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? அன்பாகத்தான் சுற்றி நிற்கிறோம். "நீ சிலோனா? எப்படி வந்தீங்க? படகுலயா? குண்டு போட்டதப் பாத்தியா? ஒங்க வீட்ல யாரும் செத்தாங்களா?" இவையெல்லாம் தீய எண்ணத்தோடு கேட்கப்படுபவை அல்ல. ஆயினும் தோழியரே, அந்தச் சிறுமி அன்று கணக்குப் பாடம் கேட்க வந்தவள். நாமோ அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விடுகிறோம்! தான் பார்த்திராத போருக்கு அவள் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. தெரியாது என்றால் நம்ப மறுக்கிறோம். வீட்டிற்குப் போய் அம்மாவிடம் கேட்டாலோ, அந்த அம்மாவின் இரவு உறக்கம் போய்விடுகிறது.

அறிந்துகொள்ளும் ஆவல் நல்லதே. ஆனால் அதற்கான விலையை யார் கொடுப்பது? இங்கேதான் 'வன்னி' போன்ற நூல் நமக்கு உதவுகிறது. அந்தக் கேள்விகளையெல்லாம் முறைப்படி, விருப்பத்தோடு பேச முன்வந்தவர்களிடம் நூலாசிரியர் கேட்டுவிட்டார். அவர்களும் உலகம் அறியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாம் அந்த நூலைப் படித்தால், பக்கத்து இருக்கையில் இருப்பவளிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "மத்தியானம் எங்களோட சாப்பிட வாரியா?"

2021-ஆம் ஆண்டு தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பலகையில் பெயர் மாறிவிட்டது. நம் நாவில் மாறிவிட்டதா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக் கொள்வோமாக. அவர்கள் பேசவே கூடாது என்பதன்று எங்கள் கருத்து. அவர்கள் தாமாகவே ஒருநாள் சொல்ல விரும்பினால், அப்போது கேட்பதற்கு நம்மிடம் பழகிய காது இருக்க வேண்டும். "ஐயோ பாவம்" என்று இடைமறிக்காமல், "அப்புறம்? அப்புறம்?" என்று நெருக்காமல், அமைதியாகக் கேட்கும் காது. கட்டத்திற்கும் கட்டத்திற்கும் இடையே நின்று நின்று படிக்கும் பழக்கம் அத்தகைய காதை உண்டாக்கும்.

மறுப்புகளும் எங்கள் விடையும்

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. முதலாவது, இளம் பிள்ளைகள் இரத்தத்தையும் சாவையும் படமாகக் காணலாமா என்பது. இது புறக்கணிக்கத் தக்க கேள்வியன்று. வேறு நாடுகளிலும் எழுந்துள்ளது. ஜப்பானில் மத்சுவே நகரக் கல்வி வாரியம் 2012-இல் 'வெறுங்கால் கென்' நூலைப் பள்ளி நூலகங்களில் மாணவர் தாமே எடுக்க முடியாதவாறு உள்ளே வைக்கச் சொன்னது. செய்தி வெளியாகிப் பெரும் எதிர்ப்பு எழவே, 2013 ஆகஸ்டில் அந்தக் கட்டுப்பாட்டை விலக்கிக் கொண்டது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம், சில கடுஞ்சொற்களையும் ஒரு படத்தையும் காரணம் காட்டி, 2022 ஜனவரியில் 'மௌஸ்' நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.

எங்கள் விடை இதுவே. ஆறாம் வகுப்புத் தங்கையிடம் இந்நூலைக் கொடுக்கச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பிற்கு மேற்பட்டோர், ஆசிரியை ஒருவர் உடனிருக்க, சிறு குழுவாகப் படிக்கட்டும். தாங்க முடியாதவள் புத்தகத்தை மூடி வைக்கட்டும், அதில் வெட்கமில்லை. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். வீட்டிற்கு வீடு கைப்பேசியில், கேட்பார் மேய்ப்பார் இன்றி, போர்க்காட்சிகள் அரை நிமிடத்திற்கு ஒன்றாக ஓடுகின்றன. அங்கே யார் யார் என்று தெரியாது, முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விரலால் தள்ளிவிட்டால் அடுத்தது பாட்டு. புத்தகமோ நிற்கச் செய்கிறது. இறந்தவர் யாருடைய தாய், யாருடைய மகள் என்று சொல்கிறது. மனத்தை மரத்துப் போகச் செய்வது எது, இளகச் செய்வது எது என்பதைப் பெற்றோரே தீர்ப்புச் சொல்லட்டும்.

இரண்டாவது மறுப்பு, இது அரசியல் ஆகிவிடாதா என்பது. போரில் எந்தத் தரப்பின் கொடி உயர வேண்டும் என்று பேசுவது அரசியல். கொடிகளுக்குக் கீழே ஒரு தாய் எவ்வாறு கஞ்சி காய்ச்சினாள் என்று கேட்பது மனிதப் பண்பு. மேலும் இரு தரப்பும் செய்தவற்றை ஒளிக்காமல் படிப்பதே மாணவிக்கு அழகு. பிடித்ததை மட்டும் படிப்பவள் வரலாறு படிப்பவள் ஆகாள்.

மூன்றாவது, தேர்வுக்கு உதவாது என்பது. உண்மைதான், உதவாது. பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதும் தேர்வுக்கு உதவாது. அதற்காக யாரும் அதை விட்டுவிடுவதில்லையே!

நம் ஊரும் போர் அறியாததன்று

போர் எங்கோ நடப்பது என்று தென்காசிப் பக்கத்தார் எண்ணிவிட முடியாது. தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பிழைப்பு நாடிச் சிங்கப்பூர் சென்ற குடும்பங்கள் பல. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1945 வரை அக்கரையில் இருந்தவர்களும் இக்கரையில் காத்திருந்தவர்களும் பட்ட பாடு சொல்லி முடியாது. மலாயாவின் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதை போடக் கொண்டு செல்லப்பட்டு மீளாமலே போயினர். அக்காலத்தை நினைவில் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அவர்கள் கதையை அன்று கேட்டு வரைந்து வைத்தவர் எவரேனும் இருந்திருந்தால், நம் ஊர்ப் பேத்தியர் இன்று தம் குடும்பத்தைப் படமாகவே பார்த்திருப்பர். வரையாது விட்டால் இழப்பது எது என்பதற்கு இதைவிட அருகில் சான்று வேண்டுமா?

நாங்கள் வேண்டுவது

அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் நாங்கள் வேண்டுவது பெரிதன்று. நூலகத்தில் ஒரே ஒரு அடுக்கு. அதில் 'வன்னி', 'மௌஸ்', 'வெறுங்கால் கென்' என மூன்று நான்கு நூல்கள் இருந்தால் போதும். ஆங்கிலம் தடையாயிருக்கும் தங்கையருக்கு நாங்களே பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லித் தர அணியமாயிருக்கிறோம்.

பெற்றோரிடம் வேண்டுவது, மகளோடு சேர்ந்து ஒரு நாள் நீங்களும் அதைப் புரட்டிப் பாருங்கள் என்பதே. எழுத்துத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. கண்கள் போதும்.

தோழியரிடம் வேண்டுவது மூன்று. வேகமாகப் படிக்காதீர்கள், ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்திற்கு மேல் வேண்டாம். படித்த பின், புதிதாய்த் தெரிந்துகொண்டதை முகாமிலிருந்து வருகிற தோழியிடம் ஒப்பித்துக் காட்டாதீர்கள். அவளுக்கு அது கதையன்று. அவளை 'சிலோன்காரி' என்று அழைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது.

இவை எங்கள் கருத்துகள். மாறுபட்ட எண்ணமுடையோர் அடுத்த ஆண்டு மலரில் எழுதலாம், மகிழ்வோடு படிப்போம். அதற்குள் நூலக அலமாரியில் அந்த அடுக்குக்கு இடம் ஒதுக்கித் தருமாறு மட்டும் பணிவுடன் கேட்டுக் கொள்கிறோம்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்